ஃப்யூஸ் போன டெக்ட்ரானிக்ஸ் 465: திறப்பதற்கு முன் செய்வதும், திறந்தபின் தேடும் வரிசையும்

கேள்வியின் சாரம் இது. பாலிடெக்னிக் லேப் அலமாரியில் சில வருடம் கிடந்த டெக்ட்ரானிக்ஸ் 465 ஆசிலோஸ்கோப்பைப் போட்டதும் ஃப்யூஸ் போயிற்று. 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டால் பைலட் விளக்கு எரிகிறது, திரையில் கோடு வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கூடவே இன்னொன்று: லேபில் இருக்கும் வேறொரு ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு எஸ்எம்பிஎஸ் (மெயின்ஸை வேகமாக ஸ்விட்ச் செய்து வோல்டேஜ் மாற்றும் பவர் சப்ளை) அளக்கிறார்கள், அது சரியா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், உயிர் போகக்கூடியது அதில்தான் இருக்கிறது. சரியில்லை. இன்றே அந்த எர்த் பின்னைத் திரும்ப மாட்டுங்கள்.

ஸ்கோப்பில் ப்ரோபைச் செருகும் பிஎன்சி சாக்கெட்டின் வெளிவளையம், ப்ரோபின் முதலைக் கிளிப், உலோகக் கூடு, பிளக்கின் எர்த் பின் ஆகிய நான்கும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. எஸ்எம்பிஎஸ் பிரைமரியில் (மெயின்ஸ் பக்கத்தில்), ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜின் நெகட்டிவ் முனையில் அந்தக் கிளிப்பை மாட்டினால், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் ஃபேஸ் ஒரே ஒரு டயோடு வழியாக எர்த்துக்கு ஓடும். அதனால்தான் வெடிக்கிறது. எர்த்தை வெட்டினால் வெடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஸ்கோப்பின் கூடு முழுவதும் கிளிப் மாட்டிய புள்ளியின் வோல்டேஜுக்கு ஏறி நிற்கிறது. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். இன்னொரு சேனலின் பிஎன்சியை ஒரு மாணவர் கையால் தொட்டால் அந்த வோல்டேஜைத்தான் தொடுகிறார்.

கிளிப்பை எங்கும் மாட்டாமல் வைத்தாலும் எர்த் இல்லாத கருவி சும்மா இருப்பதில்லை. மெயின்ஸ் ஃபில்டர் உள்ள கருவிகளில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கூட்டுக்கு ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் போகும். எர்த் இல்லையென்றால் கூடு ஏறக்குறைய பாதி மெயின்ஸில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். 4.7 நானோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் விடும் கரண்ட் சுமார் 0.34 மில்லிஆம்பியர். ஆளைக் கொல்லாது, சுருக்கென்று இழுக்கும். ஆனால் நீங்கள் பழுது பார்க்கும் போர்டில் உள்ள ஐசிகளைக் கொல்ல அது தாராளமாகப் போதும். ‘காரணமே இல்லாமல் ஐசி போகிறது’ என்ற புகார் வரும் லேபில் முதலில் சாக்கெட்டின் எர்த்தைத்தான் சோதிக்க வேண்டும்.

அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் பிரைமரியை எப்படி அளப்பது? முறையான வழி டிஃபரன்ஷியல் ப்ரோப், அதாவது இரு புள்ளிக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் அளப்பது. அது இல்லையென்றால் இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி ஹண்ட்ரட்-எக்ஸ் ப்ரோப் (வோல்டேஜை நூறில் ஒன்றாகக் குறைப்பது) போட்டு, இரண்டையும் காம்பன்சேட் செய்து (சதுர அலை சரியாகத் தெரியும்படி ப்ரோபின் திருகைத் திருப்பி), இரண்டாம் சேனலை இன்வர்ட் செய்து, ‘ஆட்’ பொத்தானை அழுத்துங்கள். இரு ப்ரோபின் கிரவுண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று கடித்துவைத்துச் சர்க்யூட்டில் எங்கும் படாமல் விடுங்கள். ப்ரோப் முனைகள் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் திரையில் வரும். டென்-எக்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம், ஸ்விட்ச் ஆகும் மாஸ்ஃபெட்டின் டிரெயின் 600, 700 வோல்ட் வரை தாவும். சாதாரண டென்-எக்ஸ் ப்ரோபின் எல்லை பெரும்பாலும் 600, அதுவும் ஃப்ரீக்வன்சி ஏற ஏற இறங்கும்.

ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் (மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் பவர் தருவது) வைத்திருந்தால் அதைப் பழுதுபார்க்கும் கருவிக்குப் போடுங்கள், ஸ்கோப்புக்கு அல்ல. இதைத் தலைகீழாகச் செய்யும் லேப்கள் ஏராளம். இதிலும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஸ்கோப்பின் கிளிப்பை ஓரிடத்தில் மாட்டிய கணமே அந்த இடம் எர்த் ஆகிவிடும். மற்ற இடங்கள் எல்லாம் எர்த்தைக் குறித்து மறுபடி உயிரோடு இருக்கும், மிதக்கிற பாதுகாப்பு அத்தோடு போயிற்று. இரண்டு, ஐசோலேஷனுக்குப் பின்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த் கசிவு பிரேக்கர்) உங்களைக் காப்பாற்றாது. செகண்டரியின் இரு முனைக்கு நடுவே கை பட்டால் அதற்கு எந்தக் கசிவும் தெரியாது. மூன்று, சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டர் ஐசோலேஷன் செகண்டரியின் எந்த முனையிலும் ஒழுங்காக எரியாது. எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை.

டிம்மர்ஸ்டாட் (குமிழைத் திருப்பி ஏசி வோல்டேஜை மாற்றும் கருவி) ஐசோலேஷன் தரும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். உள்ளே ஒரே சுற்றுதான், வெளியே வரும் ஒரு முனை நேராக மெயின்ஸோடு ஒட்டியிருக்கும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் இரு முனையும் எர்த்தைக் குறித்து 230 வோல்ட்தான்.

இனி உங்கள் 465.

டெக்ட்ரானிக்ஸ் 1972இல் கொண்டுவந்த 100 மெகாஹெர்ட்ஸ் இரட்டைச் சேனல் ஸ்கோப் இது. பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். எஸ்எம்பிஎஸ் கிடையாது, டிரான்ஸ்பார்மரும் லீனியர் ரெகுலேட்டர்களும் (வோல்டேஜை நிலையாக வைக்கும் சர்க்யூட்கள்) தான். மெயின்ஸ் பகுதி ஃப்யூஸ், ஸ்விட்ச், டிரான்ஸ்பார்மர் பிரைமரியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் எல்லாமே சேசிஸைக் குறித்த வோல்டேஜ்கள். ஆகவே செகண்டரி பக்கத்தில், பிக்சர் டியூபின் ஹைவோல்டேஜ் பகுதியைத் தவிர, இன்னொரு ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பைச் சேசிஸில் மாட்டித் தைரியமாக அளக்கலாம், ஐசோலேஷன் தேவையே இல்லை. சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு சர்க்யூட்டும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமும், வரைபடங்களில் வோல்டேஜும் அலைவடிவமும் அச்சாகியிருக்கின்றன. டெக்விக்கி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 465க்கும் 465பிக்கும் மேனுவல் வேறு. அதிலும் சீரியல் எண்ணைப் பார்த்து உங்கள் கருவிக்குரிய வரைபடத்தை எடுங்கள்.

அந்த 5 ஆம்பியர் ஃப்யூஸை முதலில் எடுத்து எறியுங்கள். ஃப்யூஸ் பக்கத்தில் அச்சடித்திருக்கும் மதிப்பே விதி. டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்ற வைத்த ஃப்யூஸின் இடத்தில் பலமடங்கு பெரியதைப் போட்டால், ஷார்ட் இருக்கும்போது ஃப்யூஸுக்குப் பதில் டிரான்ஸ்பார்மர் எரியும். பழைய 465க்கு டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்காது. இன்னொரு செத்த 465தான் வாங்க வேண்டும்.

ஃப்யூஸ் ஏன் போயிற்று என்பதற்குத் திறக்காமலே ஒரு விடை இருக்கலாம். இதில் 115, 230 என்று வோல்டேஜ் செலக்டர் உண்டு. அமெரிக்காவிலிருந்து பழைய சாமானாக வந்த கருவி 115இல் நிற்கும். 230 கொடுத்தால் டிரான்ஸ்பார்மரின் கோர் சாச்சுரேட் ஆகி (காந்தம் நிரம்பி) ஃப்யூஸ் உடனே போகும். அந்தக் கருவிகளோடு வரும் தட்டைப்பின் கார்டையும் பாருங்கள். இரண்டு தட்டைப்பின்னும் ஒரு எர்த் பின்னும் உள்ள அந்தப் பிளக்கை நம் உருண்டைப்பின் சாக்கெட்டில் செருக விற்கும் மலிவு அடாப்டர்களில் பல எர்த்தைக் கடத்துவதே இல்லை. கார்டை மாற்றி ஒழுங்கான மூன்றுபின் பிளக் போட்டுவிட்டு, பிளக்கின் எர்த் பின்னுக்கும் கூட்டின் பெயின்ட் இல்லாத ஒரு திருகுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். அரை ஓமுக்குள் வர வேண்டும், பிளக் அருகே கார்டை ஆட்டினாலும் எண் குதிக்கக் கூடாது.

திறக்கும்போது

பிளக்கை உருவி, அது உங்கள் கண் முன்னால் மேசையில் கிடக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தது போதாது, ஸ்விட்சுக்கு முந்தைய முனைகளில் 230 அப்படியே நிற்கும். மோதிரம், உலோகச் செயின், கைச்சங்கிலி கழற்றுங்கள். தாலி, கழுத்துச் செயினைத் துணிக்குள் போடுங்கள். பல லேப்களில் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போகும் பழக்கம் உண்டு. மின்வேலைக்கு அது கூடாது, ஈரம் ஏறிய சிமென்ட் தரையில் வெறுங்கால் நல்ல எர்த். ரப்பர் மேட் போட்டு, காய்ந்த செருப்போடு நில்லுங்கள். ஆன்டி-ஸ்டாட்டிக் கைப்பட்டை பவர் இல்லாதபோது மட்டும். பவர் கொடுக்கும்முன் கழற்றிவிடுங்கள்.

உள்ளே மூன்று வகை ஆபத்து இருக்கிறது. மெயின்ஸ் ஒன்று, ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தேங்கியிருப்பது இரண்டு, பிக்சர் டியூப் மூன்று.

கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் செய்யாதீர்கள். அந்தத் தாவும் கரண்ட் கெப்பாசிட்டரின் உள் இணைப்பையும் பக்கத்து டிரான்சிஸ்டர்களையும் சேர்த்துக் கெடுக்கும், கண்ணில் உலோகத் துளி தெறிக்கும். 2.2 கிலோஓம் 10 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரும் கிளிப்பும் சால்டர் செய்து, முழுவதையும் ஸ்லீவால் மூடி ஒரு டிஸ்சார்ஜ் கருவி செய்துகொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் கருவியில் 325 வோல்ட் ஏறிய 220 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரில் சுமார் 11.6 ஜூல் இருக்கும். இந்த ரெசிஸ்டரோடு அதன் டைம் கான்ஸ்டன்ட் அரை வினாடிக்குச் சற்றுக் குறைவு. மூன்று வினாடிக்குள் ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். 465இன் லோ-வோல்டேஜ் கெப்பாசிட்டர்கள் ஆயிரக்கணக்கான மைக்ரோஃபேரட் என்பதால் அவற்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். கழற்றிவைத்த பெரிய கெப்பாசிட்டர் தானாகவே கொஞ்சம் வோல்டேஜை மீட்டெடுக்கும், ஆகவே கையில் எடுக்கும்முன் மறுபடி ஒருமுறை அளப்பது நல்லது.

பிக்சர் டியூப் பகுதியில் பலர் தடுக்கி விழும் இடம் ஹீட்டர். டியூபின் கழுத்தில் தெரியும் ஆரஞ்சு வெளிச்சம் வெறும் ஆறு சொச்சம் வோல்ட் ஹீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் 465இல் கேத்தோடு சேசிஸைக் குறித்து −2450 வோல்டில் இருக்கிறது. ஹீட்டர் சுற்றும் அதோடு சேர்ந்து அந்த உயரத்திலேயே நிற்கிறது. ஹீட்டர் இரு முனைக்கு நடுவே 6 வோல்ட், சேசிஸுக்கும் அதற்கும் நடுவே 2450. எந்த இடத்தைத் தொடும்முன்னும் ‘எதைக் குறித்து எத்தனை வோல்ட்’ என்ற இரண்டாவது பாதியைக் கேட்காமல் தொடக்கூடாது. சாதாரண மல்டிமீட்டர் 1000 வோல்ட் வரைதான். அதை அங்கே வைத்தால் மீட்டரின் உள்ளேயோ வயர் வழியாகவோ பாயும். 1000:1 ஹைவோல்டேஜ் ப்ரோப் வேண்டும். அந்த ப்ரோப்கள் 10 மெகாஓம் உள்ளீடு கொண்ட டிஜிட்டல் மீட்டருக்கென்று செய்யப்பட்டவை. 20 கிலோஓம்/வோல்ட் முள் மீட்டரில் 10 வோல்ட் ரேஞ்சில் உள்ளீடு வெறும் 200 கிலோஓம். அதில் இதைச் செருகினால் காட்டும் எண் மிகக் குறைவாக வரும், ‘ஹைவோல்டேஜ் இல்லை’ என்று முடிவு செய்து உள்ளே கையை நீட்டுவீர்கள்.

டியூபின் ஆனோடு இன்னும் மேலே, பல கிலோவோல்டில். அணைத்த பிறகும் டியூப் கண்ணாடியே கெப்பாசிட்டராக அதைப் பிடித்துவைத்திருக்கும். ஆனோடு இணைப்பைப் பிரித்தால், இன்சுலேஷன் உள்ள கருவியால் முனையைச் சேசிஸில் தொட்டு வெளியேற்றுங்கள், ஓரிரு முறை. டியூபைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அங்கே கண்ணாடி மெல்லிசு, உள்ளே வெற்றிடம். டியூபைக் கழற்ற வேண்டி வந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் உட்காராதீர்கள்.

பவர் கொடுத்துச் செய்யும் எல்லா அளவுக்கும் ஒரே பழக்கம்: மீட்டரின் கருப்புக் கிளிப்பை அணைத்திருக்கும்போதே சேசிஸில் மாட்டிவிட்டு, பிறகு பவர், பிறகு ஒரே கையால் சிவப்பு முனை. மற்றக் கை கருவியைத் தொடவே கூடாது. ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த இன்னொருவர் அறையில் இருக்கட்டும். கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு வயரை ஆம்பியர் சாக்கெட்டிலேயே மறந்து வோல்டேஜ் அளப்பது எல்லாருக்கும் நடக்கும் தவறு. ஹெச்ஆர்சி ஃப்யூஸ் (பெரிய கரண்டையும் வெடிக்காமல் துண்டிப்பது) உள்ள, 600 வோல்ட் கேட் III (கட்டட மெயின்ஸ் வயரிங்கில் அளக்கத் தகுந்த பாதுகாப்பு வகை) என்று குறித்த மீட்டர் அந்தத் தவறைத் தாங்கும். கண்ணாடி ஃப்யூஸ் போட்ட மலிவு மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

சீரீஸ் பல்ப் சொல்லும் செய்தி

செலக்டர் 230இல், சரியான ஃப்யூஸ், ஃபேஸோடு வரிசையாக 100 வாட் குண்டு பல்ப். எல்இடி பல்பு உதவாது. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது சுமார் 40 ஓம், வெள்ளையாக எரியும்போது 529 ஓம். அந்த மாற்றம்தான் இங்கே வேலை செய்கிறது. கடையில் குண்டு பல்ப் அரிதாகிவிட்டது, ஹாலஜன் பல்பும் அதே வேலையைச் செய்யும்.

ஆன் செய்தவுடன் பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால், கெப்பாசிட்டர்கள் நிரம்பின, பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கிறது: டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் டயோடு, பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் மூன்றில் ஒன்று. செகண்டரி இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால் எந்தச் சுற்றைப் பிரிக்கும்போது பல்ப் மங்குகிறது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பிரித்தபின்னும் எரிந்தால் டிரான்ஸ்பார்மர் உள்ளேயே போயிருக்கிறது.

பல்ப் மங்குகிறது, ஆனால் திரையில் ஒன்றுமில்லை என்றால் பழுது ரெகுலேட்டருக்குப் பின்னால். இந்த ரெகுலேட்டர்களில் கரண்ட் லிமிட் உண்டு. வெளிப்பக்கம் ஷார்ட் ஆனால் அவை கரண்டைக் கட்டுப்படுத்தி, வோல்டேஜைப் பூஜ்யத்தை ஒட்டி இறக்கிவிட்டுப் பொறுமையாக நிற்கும், மெயின்ஸ் ஃப்யூஸ் போகாது. நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் உங்கள் கருவி இந்த இரண்டாவது வகை. முதல் ஃப்யூஸ் வயதாகியோ தவறான மதிப்பாலோ போயிருக்கலாம். பல்ப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, 465க்கு அல்ல, எஸ்எம்பிஎஸ் உள்ள புதிய கருவிகளுக்கு. அவற்றை டிம்மர்ஸ்டாட்டால் மெல்ல மெல்ல ஏற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ் நிலையான பவரை இழுக்கும், வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடும். சீரீஸ் பல்பிலும் அது அணைந்து அணைந்து எரிந்து உங்களைக் குழப்பும். அதைப் பழுதென்று எண்ணி நல்ல பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து சப்ளைகள்

465இல் ரெகுலேட் ஆகும் சப்ளைகள் ஐந்து: −8, +5, +15, +55, +110 வோல்ட். ட்ரேஸ் வரவில்லை, ட்ரிகர் பிடிக்கவில்லை, ஒரு சேனல் மட்டும் இல்லை என்று என்ன அறிகுறி இருந்தாலும் முதல் வேலை இந்த ஐந்தையும் அளப்பதுதான். திரையைப் பார்த்துப் பழுதை ஊகிப்பது வீண்வேலை. ஒரு சப்ளை இறங்கினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு அறிகுறி வரும், நான்கு போர்டையும் கழற்றத் தோன்றும். +55 மற்றவற்றுக்கு ஆதாரம், ஆகவே அது தவறினால் எல்லாம் தவறும். அதன் ட்ரிம்பாட்டை (ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) திருப்பும் ஆசை வரும். கூடாது. 55 சற்று விலகியிருப்பதைத் திருப்பிச் சரிசெய்தால் கருவியின் மொத்தக் கேலிபிரேஷனும் நகரும். உண்மையான பழுது கிடைக்கும்வரை எந்த ட்ரிம்பாட்டிலும் ஸ்க்ரூடிரைவர் வைக்காதீர்கள்.

ஐந்தையும் டிசி வோல்டேஜில் அளந்த பிறகு இன்னொரு ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் போட்டு ரிப்பிள் (டிசியின் மேல் மிச்சமிருக்கும் அலை) பாருங்கள். ரெகுலேட்டருக்கு முன்னால் பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு மேடு வந்தால் இயல்பு. இருபது மில்லிசெகண்டுக்கு ஒன்று என்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துவிட்டது. மேடு வழக்கத்தைவிட உயரமாக இருந்து அதன் அடிப்பகுதி ரெகுலேட்டருக்குத் தேவையான எல்லைக்குக் கீழே இறங்கினால், ரெகுலேட் ஆன பக்கத்திலும் அதே இடைவெளியில் பள்ளம் தெரியும். அது காய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர். மாலையில் மெயின்ஸ் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் பகலில் நன்றாக ஓடிய ஸ்கோப் மாலையில் கோடு நடுங்குவது இதனால்தான். டிம்மர்ஸ்டாட்டை 205க்கு இறக்கிப் பார்த்தால் பகலிலேயே பிடிபடும்.

ஷார்ட் ஆன டாண்டலத்தைத் தேடுவது

465 காலத்து டெக்ட்ரானிக்ஸில் ஒரு சப்ளை பூஜ்யத்தில் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது துளி வடிவ டாண்டலம் கெப்பாசிட்டர். ஒவ்வொரு போர்டிலும் சப்ளை நுழையும் இடத்தில் ஒன்றிரண்டு இருக்கும். அலுமினியம் கெப்பாசிட்டர் காய்ந்து திறக்கும், டாண்டலம் ஷார்ட் ஆகும். +15இலும் −8இலும் இது அடிக்கடி நடக்கும்.

பவர் இல்லாமல் சப்ளைக்கும் சேசிஸுக்கும் ஓம் பாருங்கள். ஐந்து ஓமுக்குள் வந்தால் ஷார்ட். அந்தச் சப்ளையில் பத்துப் பதினைந்து டாண்டலம் இணையாக நிற்கும், எது என்று ஓம்மீட்டர் சொல்லாது. ஒவ்வொன்றாகக் கழற்றுவது போர்டைக் கெடுக்கும் வழி. வோல்டேஜ் சரிவைப் பின்தொடர்வதுதான் நேர்த்தியான முறை.

பெஞ்ச் பவர் சப்ளையை 0.5 வோல்டுக்கும், கரண்ட் லிமிட்டை 500 மில்லிஆம்பியருக்கும் வையுங்கள். அரை வோல்டில் எந்த சிலிக்கான் ஜங்ஷனும் கடத்தாது, ஆகவே நல்ல பாகங்களுக்கு ஒன்றும் ஆகாது. போலாரிட்டியைச் சரியாகப் பார்த்து, ரெகுலேட்டர் வெளிமுனைக்கும் சேசிஸுக்கும் கொடுங்கள். ஷார்ட் ஒரு ஓமுக்கு மேலிருந்தால் கரண்ட் லிமிட்டைத் தொடாது, அதனால் பாதகமில்லை. அப்போது ஓடும் கரண்டே போதும். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, கருப்பு முனையை சப்ளை நுழையும் புள்ளியிலேயே ஊன்றி, சிவப்பு முனையால் காப்பர் ட்ராக் வழியே நகருங்கள். ஒரு மில்லிமீட்டர் அகலமும் மூன்று சென்டிமீட்டர் நீளமும் உள்ள வழக்கமான ட்ராக் சுமார் 15 மில்லிஓம் இருக்கும்; அரை ஆம்பியரில் 7 மில்லிவோல்டுக்கு மேல் சரிவு, சாதாரண மீட்டரிலேயே தெரியும். கரண்ட் ஓடும் பாதையில் போகும்வரை சரிவு கூடிக்கொண்டே போகும். கரண்ட் இல்லாத கிளையில் நுழைந்தால் எண் அசையாமல் நின்றுவிடும். உடனே திரும்பி வந்து அடுத்த கிளையில் போங்கள். எங்கே சரிவு உச்சத்தை எட்டி அதற்கப்பால் மாறாமல் நிற்கிறதோ, அந்த இடத்துக் காலைக் கழற்றுங்கள். போர்டுகளுக்கு நடுவே கனெக்டர் இருந்தால் முதலில் கனெக்டரைப் பிரித்து எந்தப் போர்டு என்று பாதியாகப் பிரித்துவிடுவது இன்னும் வேகம்.

மாற்றும்போது இரண்டு கவனம். 15 வோல்ட் சப்ளைக்கு 35 வோல்ட் டாண்டலம் போடுங்கள். டாண்டலத்துக்கு வோல்டேஜில் இரட்டிப்பு இடம் விடுவது நல்லது. அல்லது 105 டிகிரி, லோ-இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) அலுமினியம் போடலாம். சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும். ஆனால் மூட்டையில் அள்ளி விற்கும் பிராண்டில்லாத கெப்பாசிட்டரைச் சப்ளையில் போடாதீர்கள். இரண்டாவது கவனம், டாண்டலத்தில் குறியிட்ட பக்கம் பாசிட்டிவ், அலுமினியத்தில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைக் ‘குறிக்குக் குறி’ மாட்டினால் தலைகீழாகும். −8 சப்ளையில் பாசிட்டிவ் கால் சேசிஸுக்குப் போகும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தலைகீழ் டாண்டலம் சில வினாடியில் தீப்பொறியோடு வெடிக்கும். முதல்முறை பவர் கொடுக்கும்போது முகத்தைப் போர்டுக்கு மேல் நீட்டாதீர்கள்.

கழற்றும் முறை: கெப்பாசிட்டரின் உடலை வெட்டிவிட்டு, நிற்கும் இரு காலையும் தனித்தனியாகச் சூடாக்கி உருவுங்கள். பிறகு துளையை விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) அல்லது பம்பால் சுத்தம் செய்யுங்கள். உடலைப் பிடித்து ஆட்டி இழுத்தால் துளையின் உள்முலாம் சேர்ந்து வரும். 465க்குச் சாதாரண சால்டர் ஈயம் போதும். 535, 545 போன்ற வால்வு காலத்துக் கருவிகளில் பாகங்களைச் செராமிக் பட்டைகளில் சால்டர் செய்திருப்பார்கள், அவற்றுக்கு மட்டும் 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம் வேண்டும். சாதாரண ஈயம் பட்டையின் வெள்ளிப் பூச்சைக் கரைத்துவிடும்.

சப்ளை எல்லாம் சரி, இன்னும் கோடு இல்லை

இன்டென்சிட்டியைப் பாதிக்கு மேல் ஏற்றி, ட்ரிகர் மோடை ஆட்டோவில் வைத்து, இரு பொசிஷன் குமிழையும் நடுவில் வைத்து ‘பீம் ஃபைண்ட்’ அழுத்துங்கள். சுருங்கிய கோடோ புள்ளியோ தெரிந்தால் டியூபும் ஹைவோல்டேஜும் நலம். வெர்டிகல் அல்லது ஹாரிசான்டல் ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, கோட்டை நகர்த்தும் டிஃப்லெக்ஷன் பிளேட் இரண்டின் வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். இந்தக் கருவியில் பல டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் நிற்கும். அணைத்துவிட்டு, கால்களின் திசையைப் படம் எடுத்துக்கொண்டு, ஒருமுறை உருவி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துத் திரும்பச் செருகினாலே தீரும் பழுது நிறைய. இரு பக்கத்து ஒரேவகை டிரான்சிஸ்டர்களை இடம் மாற்றிப் பார்த்து, பழுதும் பக்கம் மாறுகிறதா என்று சோதிக்கலாம்.

பீம் ஃபைண்டிலும் இருட்டு என்றால் ஹைவோல்டேஜ் ப்ரோபால் −2450ஐப் பாருங்கள். அது இல்லை, ஆனால் ஹைவோல்டேஜை உருவாக்கும் ஆசிலேட்டருக்கு சப்ளை போகிறது என்றால், ஆனோடுக்கான மல்டிப்ளையர் (வோல்டேஜைப் பல மடங்காக்கும் பாகம்) கசிந்து ஆசிலேட்டரை அழுத்தியிருக்கலாம். பவரை எடுத்து, டிஸ்சார்ஜ் செய்து, மல்டிப்ளையரின் உள்முனையைப் பிரித்து, வேறெதிலும் படாமல் ஒதுக்கி வைத்துப் பவர் கொடுத்தால் −2450 திரும்பி வரும். வந்தால் குற்றவாளி அதுதான். இந்தச் சோதனையை மாணவர்களை வைத்துச் செய்யாதீர்கள். ஹைவோல்டேஜ் இருந்தும் இருட்டென்றால் கன்ட்ரோல் கிரிட், ஃபோகஸ் வரிசையில் உள்ள பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். மெகாஓம் ரெசிஸ்டர்கள் வயதாக வயதாக மேலே ஏறும்.

வோல்ட்ஸ் பெர் டிவிஷன் குமிழ் கரகரப்பதால் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். அடிக்காதீர்கள். அந்தக் குமிழுக்குப் பின்னால் உள்ள அட்டனுவேட்டரில் (சிக்னலைக் குறைக்கும் பகுதி) தங்கப்பூச்சுத் தொடர்புகள். எண்ணெய் கலந்த கிளீனர் போர்டில் படிந்தால் கசிவு உண்டாகி ஹை-இம்பீடன்ஸ் பகுதியின் அளவே கெடும். துருநீக்கும் ஸ்ப்ரே அதைவிட மோசம். கனமான வெள்ளைத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி ஆல்கஹாலில் நனைத்து, தொடர்பை மூடி, தாளை மெதுவாக உருவினால் போதும். உப்புத்தாள், அழிரப்பர் எதுவும் வேண்டாம்.

மூடுவதற்கு முன்

எர்த் கன்டினியூட்டியை மறுபடி பாருங்கள். பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே, பவர் ஸ்விட்ச் ஆன் நிலையில், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வையுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் கருவியைத் திருப்பித் தராதீர்கள். நல்ல கருவியில் அதைவிடப் பல மடங்கு வரும். மெயின்ஸ் ஃபில்டரில் பிளந்த, மஞ்சள்படிந்த உறைக்குள் இருக்கும் பழைய பேப்பர் கெப்பாசிட்டர் தெரிந்தால், அது இப்போது வேலை செய்தாலும் மாற்றிவிடுங்கள். போவதற்கு முன் லேப் முழுக்கப் புகைவிட்டுத்தான் போகும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மாற்றுவது எக்ஸ்2 என்ற பாதுகாப்பு வகைக் குறியிட்ட கெப்பாசிட்டராக இருக்க வேண்டும், கூட்டுக்குப் போகும் இடத்தில் ஒய் குறியிட்டது.

பிறகு சீரீஸ் பல்பை நீக்கி, கூடு மூடிய நிலையில் நான்கு மணிநேரம் ஓடவிட்டு, ஐந்து சப்ளைகளையும் சூட்டில் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். அந்தத் தாளைக் கூட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் அடுத்த முறை திறப்பவருக்கு அரைவேலை மிச்சம். டைம்பேஸும் வெர்டிகலும் கேலிபிரேட் ஆகும்வரை வெளியே ‘அலைவடிவம் பார்க்க மட்டும், அளவுக்கு அல்ல’ என்று எழுதிவையுங்கள்.